குளியலறைக்கு என்ன கல், எந்த மெருகு?

வெளிமாநிலத்தில் வேர்விட்டுவிட்ட நம் குடும்பங்கள் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியதும், அல்லது இருபது வருஷத்துப் பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைத்ததும், முதலில் கை வைக்கிற இடம் குளியலறைதான். கல் வியாபாரத்தில் நாற்பது வருஷமாக இருப்பவன் என்கிற முறையில், அப்போது என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கல் போடலாம், சொல்லுங்க?" நியாயமான கேள்வி. ஆனால் இதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. "அந்தக் கல்லுக்கு மேலே எந்த மெருகு?" இந்த இரண்டாவதை நூற்றில் ஐந்து பேர்கூடக் கேட்பதில்லை. கடைக்காரர் காட்டுகிற பளபளப்பில் முகம் தெரிந்தால் போதும், ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். பணம் வீணாவதும், வீட்டுப் பெரியவர்கள் விழுவதும் இந்த இடத்தில்தான் ஆரம்பம். ஆகவே இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்ல முயல்கிறேன்.

சொரசொரப்பும் பளபளப்பும் நமக்குப் புதிதல்ல

ஊரில் கிணற்றடியில் போட்டிருந்த கருங்கல்லை நினைத்துப் பாருங்கள். சோப்பும் எண்ணெயும் பட்ட கல்தான். ஆனாலும் உளியால் கொத்திய கல் என்பதால் காலைப் பிடித்துக்கொள்ளும். அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது. அதில் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். அதே வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. 'புஷ் ஹாமர் ஃபினிஷ்' என்று பெயர் வைத்து, சதுர அடிக் கணக்கில் விற்கிறோம்.

மெருகும் அப்படித்தான். புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்கிற இயற்கைக் குகையில், சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகளை வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். பீகாரில் பராபர் குன்றுகளில், அசோகர் ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்த குகைகளின் உட்சுவர் கண்ணாடி போல மின்னும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வேலை. அதுவும் கிரானைட் பாறையில்! எந்த இடத்தில் தேய்க்க வேண்டும், எந்த இடத்தில் கொத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் நம் முன்னோர்கள். படுக்கைக்கு வழவழப்பு, நடக்கிற இடத்துக்குச் சொரசொரப்பு. குளியலறைக்கும் விதி இதுதான்.

கல்லில் இரண்டு குலம்

கடையில் நூறு பெயர் சொல்வார்கள். குளியலறையைப் பொறுத்தவரை இரண்டு குலம் தெரிந்தால் போதும்.

முதலாவது சுண்ணாம்புக் குலம். மக்ரானா, அம்பாஜி முதலிய மார்பிள்கள் எல்லாம் இதில் சேரும். நாம் 'சாதாரணக் கல்' என்று நினைக்கிற கோட்டா கல், கடப்பா கல், தாண்டூர் கல், ஷாஹாபாத் கல், ஜெய்சல்மேர் மஞ்சள் கல் ஆகியவையும் சுண்ணாம்புக் கற்களே. இவற்றின் உடம்பு கால்சியம் கார்பனேட். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் 3 அல்லது அதைக் கொஞ்சம் தாண்டும். இரும்புக் கத்தியால் கீறினால் கோடு விழும்.

இரண்டாவது மணற்சத்துக் குலம். கிரானைட், மணற்கல், குவார்ட்சைட் ஆகியவை இதில் வரும். கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்தி வழுக்கும், கீறாது. காங்ரா போன்ற மலைப் பகுதிகளில் எடுக்கும் ஸ்லேட்டுக்கும் பெரும்பாலும் புளிப்பு பயமில்லை. ஆனால் அது அடுக்கு அடுக்கான கல். மட்டமான சரக்காக இருந்தால் ஈரத்தில் செதில் செதிலாக உரியும்.

இந்தக் குல வித்தியாசம் குளியலறையில் ஏன் முக்கியம்? புளிப்புக்காக. எலுமிச்சம்பழம், புளி, வினிகர், ஆசிட் எதுவானாலும் சுண்ணாம்புக் குலத்தைத் தின்னும். கழிப்பறைப் பீங்கானைத் தேய்க்க நாம் வாங்குகிற திரவங்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. பீங்கானுக்கு அதனால் கெடுதல் இல்லை. பக்கத்தில் இருக்கிற மார்பிளில் சிந்தினால் பொங்கி, மெருகு போய், வெள்ளைத் திட்டு விழும். அது கறை அல்ல, காயம். துடைத்தால் போகாது, மறுபடி தேய்த்து மெருகேற்றினால்தான் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெல்லி, ராஜஸ்தான், குஜராத் என்று நம்மில் பலர் வசிக்கும் ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புநீர். குழாயிலும் தரையிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அதாவது கறையும் மார்பிளும் ஒரே பொருள்! கறையைக் கரைக்கிற மருந்து கல்லையும் கரைக்கும். ஆகவே உப்புநீர் வீட்டில் மார்பிள் தரை போட்டவர்கள், குளித்து முடித்ததும் தண்ணீரைத் தள்ளித் துடைத்துவிடுவது ஒன்றே வழி. தினமும் துடைக்க ஆள் இல்லை என்றால் கிரானைட் பக்கம் போய்விடுங்கள்.

மெருகு வகைகள்

ஆங்கிலப் பெயர்களே கடைகளில் வழங்குவதால் அவற்றையே சொல்கிறேன்.

மிர்ரர் பாலிஷ்: வட இந்தியாவில் மிஸ்திரிகள் 'கிஸாயி' என்பார்கள். சொரசொரப்பான வட்டுக் கல்லில் ஆரம்பித்து, படிப்படியாக மென்மையான வட்டுக்கு மாறி, கடைசியில் பொடி போட்டுப் பளபளப்பு ஏற்றுவது. கல்லின் நிறம் முழுசாக எழும்பும், தண்ணீரையும் சற்றுக் குறைவாகவே குடிக்கும். நனைந்தால் வழுக்கும். சுவருக்கு இது சரி. குளிக்கிற தரைக்கு ஆகாது.

ஹோன்ட்: அதே தேய்ப்பைப் பளபளப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவது. தொட்டால் வழவழப்பு, பார்த்தால் மங்கல். புளிப்பு பட்ட தழும்பு இதில் அவ்வளவாகத் தெரியாது. சுண்ணாம்புக் குலக் கல்லைத்தான் போடுவேன் என்கிறவர்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் மங்கலாக இருப்பதால் வழுக்காது என்று நினைத்துவிட வேண்டாம். சோப்புத் தண்ணீர் பட்டால் இதுவும் ஓரளவு வழுக்கும்.

லெதர்: வைர பிரஷ்களால் தேய்த்து, தோல் போன்ற மேடு பள்ளம் உண்டாக்குவது. கிரானைட்டின் நிறம் மங்காது. கைரேகையும் தண்ணீர்ப் பொட்டும் அவ்வளவாகத் தெரியாது. பாலிஷைவிடக் காலுக்குப் பிடிப்பு அதிகம்.

ஃபிளேம்: கிரானைட்டின் மேல் நெருப்பு நாக்கை ஓட்டுவது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் சூட்டில் சட்டென்று விரிந்து மேல்தோலைத் தெறிக்க வைக்கும். நல்ல பிடிப்பு. மார்பிளிலும் கோட்டாவிலும் இதைச் செய்யக்கூடாது. கல் நீறிப் போய்விடும். மெல்லிய கல்லும் தாங்காது. 18, 20 மில்லிமீட்டர் கனமாவது வேணும். வெறும் ஃபிளேம் பாதத்தைக் கொஞ்சம் உறுத்தும். அதன்மேல் பிரஷ் ஓட்டிக் கூர்மையை எடுத்துவிட்டால் உறுத்தல் குறையும், பிடிப்பு இருக்கும்.

புஷ் ஹாமர், சாண்ட் பிளாஸ்ட்: முதலாவது நம்ம அம்மி கொத்து. இரண்டாவது மணலை வேகமாக வீசி அடிப்பது. கொத்தியதைவிட மென்மையான சொரசொரப்பு.

இயற்கை முகம்: கோட்டா, ஸ்லேட் போன்றவை சுரங்கத்தில் அடுக்காகப் பிளந்து வரும். அந்த முகத்தை அப்படியே விடுவது. விலை குறைவு, பிடிப்பு உண்டு. மேடு பள்ளத்தில் தண்ணீர் தேங்காத கல்லாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியலும் வழுக்குத் தரையும்

பிற மாநிலத்தார் வீட்டுக் குளியலறைக்கும் நம் வீட்டுக் குளியலறைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள். வாரம் ஒருநாள் இல்லாவிட்டாலும் தீபாவளிக்காவது எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். மிர்ரர் பாலிஷ் தரையில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் அது தரையே அல்ல, சறுக்குமரம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் பெரிய உத்தியோகம்; இத்தாலி வெள்ளை மார்பிளில் குளியலறை கட்டினார். திண்டிவனம் பக்கத்திலிருந்து எழுபது தாண்டிய அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். தீபாவளியன்று விடிகாலை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போன அந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கவில்லை. ஊருக்குத் தனியாகப் போவதும் நின்றுபோயிற்று. இப்போது அந்த மார்பிள் முழுக்க பிளாஸ்டிக் பாய் விரித்திருக்கிறார்கள். கல்லுக்குக் கொடுத்த பணம் பாய்க்கு அடியில் கிடக்கிறது.

வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது சாதாரணக் காயம் இல்லை. படுக்கையில் விழுந்தவர்கள் எழுந்திருக்காமலே போவதும் உண்டு. பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று தீர்மானித்தவர்கள் கல்லின் அழகைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

வழுக்கை அளக்க ஜெர்மனியில் ஒரு முறை வகுத்தார்கள். சாய்தளத்தில் கல்லைப் பதித்து, சோப்புக் கரைசல் ஓடவிட்டு, வெறுங்காலோடு ஒருவரை நடக்கவைத்து, சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குறைந்தது 12 பாகை வரை கால் நின்றால் 'ஏ', 18 என்றால் 'பி', 24 என்றால் 'சி'. குளிக்கிற இடத்துக்கு 'பி' வேணும். 'ஆர் 9, ஆர் 10' என்று டைல்ஸ் பெட்டியில் போட்டிருப்பது வேறு கணக்கு; அது எண்ணெய் ஊற்றி, செருப்பு மாட்டி அளப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இயற்கைக் கல்லுக்கு இந்தச் சான்று நம் கடைகளில் கிடைப்பது அரிது. அதனால் நாமே சோதிக்கலாம். ஒரு துண்டு கல்லை வாங்கி வந்து தரையில் அசையாமல் வையுங்கள். சோப்புத் தண்ணீரும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். பாலிஷுக்கும் லெதருக்கும் ஃபிளேமுக்கும் உள்ள பேதத்தை உங்கள் பாதமே சொல்லிவிடும்.

எந்த இடத்தில் எது?

ஒரே குளியலறைக்குள் ஒரே மெருகு வேண்டும் என்று சட்டமில்லை.

குளிக்கிற பகுதித் தரை: கிரானைட்டில் ஃபிளேம் செய்து பிரஷ் ஓட்டியது. இல்லாவிட்டால் இயற்கை முகக் கோட்டா. பெரிய பலகையாகப் போடாமல் நாலு அங்குல, ஆறு அங்குலத் துண்டுகளாகப் போட்டால் இணைப்புக் கோடுகள் கூடும். அந்தக் கோடுகளும் காலைப் பிடிக்கும். தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதும் சுலபம்.

உலர்ந்த பகுதித் தரை: லெதர் கிரானைட் அல்லது ஹோன்ட் கோட்டா.

சுவர்: இங்கே யாரும் நடக்கப் போவதில்லை. மிர்ரர் பாலிஷ் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். எண்ணெய்க் கை படும் உயரத்தில் மட்டும் வெள்ளை மார்பிளைத் தவிர்ப்பது நல்லது.

வாஷ்பேசின் மேடை: பாலிஷ் அல்லது லெதர் கிரானைட். பற்பசை, ஷேவிங் லோஷன், தலைச்சாயம் எல்லாம் சிந்துகிற இடம். மார்பிள் இங்கே ஒரு வருஷம்கூட முகம் கெடாமல் இருக்காது.

சொரசொரப்புக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளங்களில் சோப்பும் எண்ணெயும் தங்கும். வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் அந்தப் பிசுக்கே வழுக்க ஆரம்பித்துவிடும். எந்தக் கல் போட்டாலும் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி பொருத்துங்கள். கல் பதிக்கும்போதே இடம் குறித்துக்கொண்டால் பிறகு துளை போட வேண்டியிருக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். மங்கல் வட்டம் விழுந்தால் அது சுண்ணாம்புக் குலம், கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி. தண்ணீர்ச் சொட்டு விட்டால் சீக்கிரமே கருத்து உள்ளே இழுத்துக்கொள்கிற கல், எண்ணெயையும் அப்படியே இழுக்கும். கறுப்பு கிரானைட் என்றால் வெள்ளைத் துணியில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல். கடப்பா கல்லில் எண்ணெய் தடவிக் கறுப்பாகக் காட்டுவது உண்டு; நாலு மாசம் சோப்பு பட்டால் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அது கல்லின் குற்றமில்லை, அதன் சொந்த நிறமே அதுதான். வெள்ளை மார்பிள் சிலவற்றில் இரும்புச்சத்து இருக்கும். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் மஞ்சளாகத் துருவேறும்.

உதய்ப்பூர் மாவட்டத்தில், கேசரியாஜி என்று நாங்கள் யாத்திரை போகிற ரிஷப்தேவ் ஊரைச் சுற்றிப் பச்சை மார்பிள் சுரங்கங்கள் இருக்கின்றன. பெயர்தான் மார்பிள், உண்மையில் அது செர்பென்டைன் என்கிற வேறு இனம். தண்ணீர் கலந்த சிமென்ட்டில் பதித்தால் பலகை வளைந்துகொள்ளும். எபாக்ஸி பசையில்தான் பதிக்க வேண்டும். வேலைக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கல்லுக்குக் கீழே

கல் தண்ணீரைத் தடுக்காது. எந்தக் கல்லானாலும் நுண்துளை உண்டு. இணைப்பு வழியாகவும் ஈரம் இறங்கும். ஆகவே கல்லுக்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் கல் போட அனுமதி கொடுக்கலாம். நூறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை வடிகாலை நோக்கி வாட்டம் வேணும். வெள்ளை மார்பிளை வெள்ளைச் சிமென்ட்டில் பதிக்காவிட்டால் சாம்பல் நிழல் மேலே தெரியும்.

வேலை முடிந்த கடைசி நாளில்தான் பெரிய ஆபத்து. சிமென்ட் படலத்தை எடுக்க மிஸ்திரி ஆசிட் பாட்டிலோடு வருவார். மார்பிள், கோட்டா, கடப்பா போட்டவர்கள் அந்த நாள் லீவு போட்டுவிட்டாவது கூடவே நில்லுங்கள்.

சீலர் என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே ஊறிப்போகிற வகையாக வாங்குங்கள். மேலே படலமாக நிற்பது உரிந்து அசிங்கமாகும். சீலர் போட்டால் கறை உள்ளே இறங்கத் தாமதமாகும், அவ்வளவுதான். புளிப்புக் காயத்தை அது தடுக்காது. தண்ணீர்ச் சொட்டு மணியாக நிற்கும் வரை சீலர் வேலை செய்கிறது. உள்ளே இழுக்க ஆரம்பித்தால் மறுபடி போட வேண்டும்.

கறை பட்டுவிட்டால்

தாஜ்மகாலின் மார்பிள் மஞ்சளித்தபோது தொல்லியல் துறை என்ன செய்தது? 1994 முதல் பல தடவை, முல்தானி மட்டியைக் குழைத்துக் கல்லின் மேல் அப்பி, காயவிட்டு எடுத்தார்கள். காய்கிற மண் அழுக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். வீட்டிலும் இதே தத்துவம்தான். எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டி அல்லது சாக்பீஸ் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒருநாள் விட்டு எடுங்கள். அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, நெருப்பு வேண்டாம். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். மஞ்சள் கறையை அப்போதே கழுவிவிடுவது உத்தமம். அன்றாடம் கழுவ, புளிப்பும் காரமும் இல்லாத மிதமான சோப்பு போதும்.

வேலை செய்கிறவர்கள்

கடைசியாக ஒன்று. கிரானைட், மணற்கல் இவற்றை உலர்வாக அறுத்தால் எழும் தூளில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகிறது. குணப்படுத்த மருந்து கிடையாது. ராஜஸ்தானில் இதனால் பாதிக்கப்பட்ட தொழிலாளர் எண்ணிக்கை பெருகியே, அந்த அரசு 2019-ல் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. உங்கள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து கட்டர் ஓட்டுகிற பையனும் இதே தூளைத்தான் சுவாசிக்கிறான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். நல்ல முகக்கவசம் நாமே வாங்கிக் கொடுக்கலாம். முடிந்த அளவுக்குக் கடையிலேயே அளவாக அறுத்து வாங்குங்கள். அதனால் செலவு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கல் ஐம்பது வருஷம் இருக்கிற பொருள். இன்று நாற்பது வயதில் தேர்ந்தெடுப்பவர், எழுபது வயதிலும் அதே தரையில்தான் கால் வைக்கப் போகிறார். அந்த எழுபது வயதுப் பாதத்தை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கல்லும் மெருகும் தானாகவே சரியாக அமைந்துவிடும்.